இன்ஜின் மாறிவிட்டது, ஆர்.சி. மாறவில்லை: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மடிப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டு வாசலில் 2014-இல் பதிவான ஸ்விஃப்ட் டிசையர் டீசல் கார் ஒன்று நிற்கிறது. நன்றாக ஓடும். ஆனால் நான் அதை ஓட்டுவதில்லை. ஆர்.சி.யில் ஓர் இன்ஜின் எண் இருக்கிறது, பானெட்டைத் திறந்தால் வேறோர் எண் இருக்கிறது. அந்த இரண்டையும் ஒன்றாக்க வழி கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் என் முட்டாள்தனமும் கொஞ்சம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் காரின் ஹெட்லைட் வரை தண்ணீர் நின்றது. பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போன வீடியோவை நாடே பார்த்தது, என் கார் மிதக்கவில்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் சேறு படிந்த சீட்டில் பழைய லுங்கி ஒன்றை விரித்து உட்கார்ந்து சாவியைத் திருகினேன். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மறுபடி திருகினேன், மறுபடியும். நான்காவது முறை ஸ்டார்ட் ஆகிவிட்டது. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் மட்டும் கூடவே வந்தது. மெக்கானிக் கடை பக்கம்தானே என்று கிளப்பினேன். கீழ்க்கட்டளை சிக்னல் தாண்டியதும் 'படார்'. ரோட்டில் எண்ணெய்க் கோடு.

மெக்கானிக் அண்ணன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தண்ணி வடிஞ்சதும் செல்ஃப் அடிச்சீங்களா சார்?"

"நாலு தடவை."

"ஒரு தடவையே போதும் சார்."

டீசல் இன்ஜின் காற்றைப் பதினேழு மடங்குக்கும் மேல் அமுக்கிச் சூடாக்கித்தான் டீசலைப் பற்ற வைக்கிறது. காற்று அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் இறங்கிய தண்ணீர் மேலே வந்த பிஸ்டனுக்கு வழிவிடவில்லை, நடுவில் மாட்டிய கனெக்டிங் ராடு வளைந்தது. வளைந்த ராடோடு இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதில் அது முறிந்து, சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டுச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஓட்டை.

இந்த ஓட்டைதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். பிஸ்டனோ ஹெட்டோ போயிருந்தால் மாற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன், உங்கள் துறைக்கு அதில் வேலையே இல்லை. பிளாக் போனால்தான் சிக்கல், இன்ஜின் எண் அடித்திருப்பது பிளாக்கில். பிளாக்கைத் தூக்கிப் போட்டால் எண்ணும் கூடவே போய்விடும்.

இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. இன்ஜினுக்கென்று தனியாக எடுக்க வேண்டிய பாதுகாப்பை நான் எடுக்கவில்லை, தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காது. சரி, அது என் தலையெழுத்து. புது இன்ஜினுக்கு விலை கேட்டேன், வண்டியின் சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் சொன்னார்கள். மாருதி கம்பெனி 2020 ஏப்ரலோடு டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தது ஒரே வழி, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சந்தை. "புதுப்பேட்டை போலாம் சார்," என்றார் அண்ணன்.

புதுப்பேட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஓர் இன்ஜினைத் தேர்வு செய்வது எப்படி என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய இன்ஜின் மாற்றுவது ஏதோ குருட்டாம்போக்கில் நடக்கும் காரியம் என்ற எண்ணம் உங்கள் அலுவலகங்களில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த 1,248 சிசி டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசையர் மட்டுமில்லை, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்ட்டோ, லீனியா என்று ஊரில் பாதி வண்டிகளில் இதுதான். 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்று கார் பத்திரிகைகள் கிண்டலாக எழுதின. அதனால் எந்த வண்டியிலிருந்து எடுத்தாலும் பொருந்தும் என்று நானும் நினைத்தேன். அண்ணன் சிரித்தார். எர்டிகாவிலும் சியாஸிலும் வந்தது இதே இன்ஜின்தான், ஆனால் 90 குதிரைத்திறன், டர்போவே வேறு. என்னுடையது 75. டாடாவில் இருந்து எடுத்தால் மவுண்டிங்கும் பிராக்கெட்டும் இடிக்கும். மாருதி வண்டிக்கு மாருதி இன்ஜின், எண் டி13ஏ என்று ஆரம்பிக்க வேண்டும், 75-க்கு 75. அப்புறம் மாசு விதி. சென்னையில் 2010 ஏப்ரலிலேயே பிஎஸ்-4 வந்துவிட்டது, நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில்தான். இடைப்பட்ட காலத்தில் வெளி மாவட்டத்தில் பதிவான வண்டியின் இன்ஜின் பிஎஸ்-3 ஆக இருக்கலாம். "அது வேணாம் சார், புகை டெஸ்ட்ல மாட்டிப்போம்," என்றார். உங்கள் துறை கேட்க வேண்டிய கேள்வியை அவர் முதலிலேயே கேட்டுவிட்டார்.

நான்காவது கடையில் ஒன்று அமைந்தது. பின்னால் லாரி மோதி டிக்கி நசுங்கிப் போன டிசையரிலிருந்து இறக்கியது, முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. கடைக்கார பாய் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். அங்கே மோர் போல வெளுத்த பசை ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்த இன்ஜின் என்று அர்த்தம், வெள்ளத்தில் நின்ற வண்டிகள் சந்தைக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. சுத்தமாக இருந்தது. கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு அண்ணன் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார், எங்கும் பிடிக்கவில்லை. பேட்டரி கொடுத்து ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் பார்த்தார்கள், நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. எழுபத்தைந்தாயிரத்தில் ஆரம்பித்த பேச்சு அறுபத்திரண்டாயிரத்தில் முடிந்தது.

பணம் கொடுக்கும் முன் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் செய்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. டீசலில் நனைத்த வேஸ்ட் துணியால் பிளாக்கில் எண் இருக்கும் இடத்தைத் துடைத்து, கம்பி பிரஷ் போட்டு, வெள்ளைத் தாளை அதன் மேல் செலோடேப்பால் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. தேய்ந்த இடமோ மேலே மேலே அடித்த தடமோ இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். திருட்டுப் புகார் எதிலும் அது இல்லை. அந்தப் பக்கத்தையும் அச்சடித்து வைத்துக்கொண்டேன்.

கடையில் கிடைத்த ரசீதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லெட்டர் பேடில் 'பழைய இன்ஜின் ஒன்று' என்று எழுதித் தொகையும் தேதியும் போட்டுக் கொடுத்தார். இன்ஜின் எண்ணை எழுதச் சொன்னேன். தயங்கினார். "எழுதினா நாளைக்கு யாராவது வந்து கேப்பாங்க, சார்." வற்புறுத்திய பிறகு எழுதினார். எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்று எழுதச் சொன்னதற்கு மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை.

ஏற்றுவதற்கு மூன்று நாள் ஆயிற்று. என் வண்டியின் ஈசியூவும் (இன்ஜினை இயக்கும் கணினி) வயரிங்கும் அப்படியே இருந்ததால் சாவியை வண்டி ஏற்காமல் போகும் பிரச்சினை வரவில்லை. இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் இருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வைத்து ஈசியூவில் ஏற்றினார்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் செயின் செட், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் சீல், கிளட்ச் எல்லாம் புதிதாகப் போட்டோம். செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டு அந்த இன்ஜின் மெல்ல இறங்கி மவுண்டிங்கில் உட்கார்ந்ததைப் பார்க்கையில், சொன்னால் சிரிப்பீர்கள், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்ற உணர்வு. ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்து, உள்ளிருந்து காற்று தள்ளுகிறதா என்று கையை வைத்துப் பார்த்த அண்ணன், "பேக் கம்ப்ரஷன் இல்ல சார், எடுத்துட்டுப் போங்க," என்றார்.

அதே வாரம் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. வேறு எந்த அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதல் கவுண்டரில் புது இன்ஜினுக்கான கம்பெனி பில் கேட்டார்கள். பழைய இன்ஜின் என்றேன். அப்படியென்றால் அது இருந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான சான்று வேண்டும் என்றார்கள். அடுத்த முறை போனபோது வேறொருவர் இருந்தார், காவல் நிலையத்தில் தடையில்லாச் சான்று வாங்கி வரச் சொன்னார். காவல் நிலையத்தில், "நாங்க எதுக்குத் தரணும், ஆர்.டி.ஓ.வில் லெட்டர் குடுத்தா தர்றோம்," என்றார்கள். வாகன் சமன்வய் தாளை நீட்டினேன். இது எதற்கு என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது முறை பிரேக் இன்ஸ்பெக்டரையே (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்துவிட்டேன். நல்ல மனிதர், பானெட்டைத் திறந்து பார்த்தார், பென்சில் பிரிண்ட்டையும் பார்த்தார். பிறகு மெதுவான குரலில் சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு இது திருட்டு இன்ஜின்னு வந்தா மெமோ எனக்குத்தான் சார்."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையெழுத்துப் போட அவருக்குத் துணையாக ஒரு தாள் வேண்டும். அந்தத் தாள் உங்கள் மேசையிலிருந்துதான் வர முடியும்.

வாசலில் நின்ற புரோக்கர் ஒருவரிடம் எல்லாவற்றுக்கும் தீர்வு இருந்தது. "எதுக்கு சார் அலையுறீங்க? புது இன்ஜின்ல இருக்கிற நம்பரை அரைச்சுட்டு உங்க பழைய நம்பரையே பஞ்ச் பண்ணிடலாம். ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது." ஒரு மணி நேர வேலையாம். நேர்மையான வழியில் மூன்று முறை அலைந்தும் முடியாதது, தப்பான வழியில் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. அன்று அவர் சொன்னதற்குத் தலையாட்டியிருந்தால் இன்று நான் காரில் போய்க்கொண்டிருப்பேன், இந்தக் கடிதமும் வந்திருக்காது. எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

சட்டத்தையும் எடுத்துப் படித்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்றால் என்ன என்பதற்கு அங்கேயே விளக்கமும் இருக்கிறது: வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படியான கட்டமைப்பு மாற்றம். அதே கம்பெனி, அதே வகை, அதே எரிபொருள், அதே திறன் கொண்ட இன்ஜின் ஒன்றை வைத்தால் என் டிசையரின் எந்த அடிப்படைத் தன்மை மாறியது? எண் மட்டும்தானே மாறியது. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யைக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. நான் தெரிவித்தேன். தெரிவித்ததை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அந்தப் பிரிவின் பழைய வடிவத்தில் இன்னொன்றும் இருந்தது. பத்து வண்டிகளுக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களின் உரிமையாளர், மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு அனுமதித்தால், அதே தயாரிப்பும் வகையும் கொண்ட இன்ஜினை முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம், பிறகு தெரிவித்தால் போதும். பத்து லாரி வைத்திருந்தவருக்கு இருந்த அந்தச் சலுகை ஒரே கார் வைத்திருந்தவனுக்கு அன்றும் இல்லை. 2019 திருத்தம் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்ப வண்டியை மாற்றிக்கொள்ளும் உரிமையை அங்கே வைத்தது. அது நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் இன்ஜின் மாற்றுவதைப் பற்றி அங்கிருந்த நாலு வார்த்தையும் அத்தோடு போய்விட்டது. அதே திருத்தம் 182ஏ பிரிவில் விதி மீறிய மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. தண்டனை என்ன என்பது தெளிவாகத் தெரிகிறது, முறையாகச் செய்யும் வழிதான் தெரியவில்லை.

மத்திய சட்டத்தை மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் கையெழுத்தில் முடிகிற ஒரு சுற்றறிக்கையைத்தான் கேட்கிறேன். அதே தயாரிப்பு, அதே வகை, அதே எரிபொருள், பழையதைவிடக் குறையாத மாசுத் தரம் கொண்ட பழைய இன்ஜினை வைத்தால் எந்தெந்தத் தாள் வேண்டும், எவ்வளவு கட்டணம், பிரேக் இன்ஸ்பெக்டர் எதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி எல்லா அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். இன்ஜின் எண் தெரிகிற கடை ரசீது, பென்சில் பிரிண்ட், வாகன் சமன்வய் தாள், மெக்கானிக்கின் சான்று, இவை நான்கும் போதும் என்பது என் எண்ணம். போதாது என்றால் ஐந்தாவதாக எதையாவது சேருங்கள், ஆறாவதையும் சேருங்கள். ஆனால் கவுண்டருக்குக் கவுண்டர் பட்டியல் மாறக் கூடாது.

திருட்டு வண்டி பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மீரட் நகரின் சோதிகஞ்ச் சந்தை திருட்டு வண்டிகளை உடைத்து விற்கும் இடம் என்று பெயரெடுத்து, 2021 டிசம்பரில் காவல்துறை கடைகளை இழுத்து மூடும் அளவுக்குப் போனது. நம் ஊர்ச் சந்தைகளுக்கு அந்தப் பெயர் வரக் கூடாது. ஆனால் ரசீதில் இன்ஜின் எண்ணை எழுதக் கடைக்காரர் ஏன் பயந்தார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கையில் இருந்தது விபத்தில் போன வண்டியின் இன்ஜின். அது எங்கிருந்து வந்தது என்று காட்ட அவரிடம் தாள் இல்லை. திருட்டு இன்ஜின் வைத்திருப்பவரிடமும் தாள் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றுதான்.

பழுதுச் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்த வண்டியை முழு நஷ்டம் என்று தீர்த்துவிடுகிறது, அப்புறம் அது ஏலத்தில் போகிறது. 2021 விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப் மையங்களும் வந்துவிட்டன. இந்த இரண்டு வாசலிலும் வண்டி யாருடையது, எண் என்ன என்ற விவரம் முழுதாக இருக்கிறது. இன்ஜின் தனியாகப் பிரிந்து போகும் அந்த இடத்திலேயே, இன்ன வண்டியிலிருந்து இறக்கிய இன்ன எண் கொண்ட இன்ஜின், மறுபயன்பாட்டுக்கு விற்கப்பட்டது என்று ஒரு சீட்டு கொடுத்து, வண்டிப் பதிவு விவரங்கள் இருக்கும் 'வாகன்' தளத்திலும் ஏற்றிவிட்டால் போதும். அந்தச் சீட்டு இன்ஜினோடு புதுப்பேட்டைக்குப் போகும், அங்கிருந்து என்னைப் போன்றவன் கைக்கு வரும், கடைசியில் உங்கள் கவுண்டருக்கு வரும். வாழ்நாள் முடிந்த வண்டியின் பாகங்களை முடிந்தவரை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000-இலேயே ஆணை போட்டது. நாம் இன்னும் லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடிய வார்ப்பிரும்பு பிளாக்கை, தாள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வேண்டுகோள், இது கொஞ்சம் சங்கடமானது. ஏற்கனவே இன்ஜின் மாற்றிவிட்டு வெளியே சொல்லப் பயந்து ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு மூன்று மாத அவகாசம் கொடுங்கள். தாமாக வந்து சொன்னால் அபராதத்தோடு பதிவு, கேள்வி இல்லை என்று அறிவியுங்கள். பிளாக்கில் எண்ணை அரைத்தவர்களை இதில் சேர்க்கச் சொல்லவில்லை, அவர்கள் கதை வேறு. எண்ணை அப்படியே விட்டுவிட்டுத் தவிப்பவர்களுக்காகத்தான் கேட்கிறேன். ஒரு விபத்து நடந்து, இன்ஜின் எண் பொருந்தவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு கிளப்பினால், அடிபட்டவர் குடும்பமும் சேர்ந்துதான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேடிக்கைச் செய்தியாகத்தான் பலர் அதைப் பகிர்ந்தார்கள். தென் சென்னையில் கார் வைத்திருப்பவனுக்கு அது வேடிக்கை இல்லை. அடுத்த பெருமழைக்குப் பிறகும் சிலர் பொறுமை இல்லாமல் சாவியைத் திருகத்தான் போகிறார்கள், சில பிளாக்குகள் ஓட்டையாகத்தான் போகின்றன. அவர்கள் உங்கள் வாசலுக்கு வருவதற்குள் அந்தச் சுற்றறிக்கை வந்துவிட்டால் நன்றாக இருக்கும்.

என் வண்டி வாசலில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டரி இறங்காமல் இருக்க ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு அணைக்கிறேன். எந்த நாளில், எந்த அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொன்னாலும் வருகிறேன், சோதனைக்கு நிறுத்துகிறேன், சட்டப்படி அபராதம் இருந்தால் கட்டிவிடுகிறேன். டேஷ்போர்டு பெட்டியில் பென்சில் பிரிண்ட் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து ஒரு கார் உரிமையாளன்